ஞாயிறு பிரசங்கம், திங்கள் விக்கெட் கீப்பிங்: விக்டோரியா காலத்து கிரிக்கெட் குருவானவர்கள்

1899ஆம் ஆண்டு இங்கிலாந்தின் டான்டன் மைதானத்தில் சாமர்செட் அணிக்கு எதிராக ஹாம்ப்ஷயர் 7 விக்கெட் இழப்புக்கு 672 ரன் எடுத்து டிக்ளேர் செய்தது. ராணுவத்தில் மேஜராக இருந்த ராபர்ட் பூர் 304, அதே ராணுவத்தில் கேப்டனாக இருந்த டெடி வின்யார்ட் 225. இருவரும் சேர்ந்து ஆறாவது விக்கெட்டுக்கு மட்டும் 411. பந்து வீசியவர்கள் பாடு எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்த ஸ்கோர்கார்டில் என் கண் போய் நிற்பது வேறோர் இடத்தில்: பை ரன்கள், பூஜ்யம்.

பேட்டிலும் படாமல், உடம்பிலும் படாமல் தாண்டிப் போகும் பந்தை விக்கெட் கீப்பர் கோட்டைவிட்டால், அந்த இடைவெளியில் ஓடி எடுக்கும் ரன்தான் பை. 672 ரன் அடிக்கும்வரை ஸ்டம்புக்குப் பின்னால் நின்ற அந்த மனிதர் அப்படி ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. அப்போது அவருக்கு வயது 43. பெயர் ஆர்ச்டேல் விக்கம். ஸ்கோர்கார்டில் அவர் பெயருக்கு முன்னால் ‘ரெவரெண்ட்’ என்று இருக்கும், ஏனென்றால் அவர் மார்ட்டாக் என்ற ஊரின் குருவானவர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடத்துவார், ஞானஸ்நானம் கொடுப்பார், கல்யாணம் செய்துவைப்பார், அடக்க ஆராதனைக்குப் போவார். வாரநாளில் கவுண்டி கிரிக்கெட், அதாவது இங்கிலாந்தின் மாவட்ட அணிகளுக்கு இடையிலான ஆட்டம்.

இவரைப் போல அந்தக் காலத்தில் பலர் இருந்தார்கள். ‘வேலையில்லாத பாதிரியார், பொழுதுபோகாமல் ஆடினார்’ என்று சிலர் சொல்வார்கள். ‘மதம் பரப்பத்தான் மட்டையைப் பிடித்தார்’ என்பது வேறு சிலர் கட்சி. இரண்டும் விஷயத்தைத் தொடவில்லை. கிரிக்கெட் ஆடிய குருவானவர் எப்படி உருவானார், எப்படிக் காணாமல் போனார் என்று தெரிய, அவருடைய வருமானம் எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்க்க வேண்டும்.

## மானியமும் குருவானவரும்

நம் ஊர்க் கோயில்களில் அர்ச்சகருக்கும் நாயனக்காரருக்கும் மானிய நிலம் இருந்ததை வைத்து இதை எளிதாகப் புரிந்துகொள்ளலாம். மாதச் சம்பளம் கிடையாது. அந்த ஊழியத்தைச் செய்கிறவருக்கு அந்த நிலத்தின் விளைச்சல். நிலம் ஆளுக்கு உரியதல்ல, பதவிக்கு உரியது. அடுத்த ஆள் வந்தால் விளைச்சல் அவருக்குப் போகும்.

இங்கிலாந்து திருச்சபையின் அமைப்பும் அடிப்படையில் இதுதான். ஓர் ஆலயம், அதைச் சுற்றிய ஊர்ப்பகுதி, அதற்குப் பொறுப்பான ஒரு குருவானவர்: இந்த வட்டாரத்துக்குச் சேகரம் என்று பெயர். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து வாசகர்களுக்கு இது வீட்டுச் சொல். அந்தச் சேகரத்தோடு ஒட்டிய வருமானம் இரண்டு வழிகளில் வரும். ஒன்று, ஆலயத்துக்குச் சொந்தமான நிலம். இன்னொன்று தசமபாகம், அதாவது அந்தப் பகுதி விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு. பழங்காலத்தில் கதிராகவும் வைக்கோலாகவும் கொடுத்தார்கள். 1836இல் வந்த சட்டம் இதைப் பணமாக மாற்றியது. கோதுமை, வாற்கோதுமை, ஓட்ஸ் மூன்றின் ஏழாண்டுச் சராசரி விலையை வைத்துத் தொகை ஏறும், இறங்கும். இந்த ஏழாண்டுச் சராசரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்தப் பதவியில் ஒருவரை அமர்த்தும் உரிமை எப்போதும் பேராயர் கையில் இருக்காது. பெரும் நிலக்கிழார்கள், அரசு, ஆக்ஸ்ஃபோர்டு கேம்பிரிட்ஜ் கல்லூரிகள் என்று பல கைகளில் சிதறிக் கிடந்தது. அதை விற்கவும் வாங்கவும் முடிந்தது. ஒருமுறை அமர்த்திவிட்டால் குருவானவரை எளிதில் இறக்க முடியாது. வருமானமும் இடத்துக்கு இடம் மாறும். வருஷத்துக்கு 100 பவுண்டுகூடத் தேறாத சேகரமும் உண்டு, 1000 பவுண்டைத் தாண்டிய சேகரமும் உண்டு.

இப்போதைக்கு இதைப் பிடித்துக்கொண்டால் போதும்: குருவானவரின் வருமானம் அன்றாடக் கூலி அல்ல. புதன்கிழமை பிற்பகல் அவர் எங்கே இருந்தார் என்பதைப் பொறுத்து அது குறைவதில்லை.

## சரி, நேரம் எங்கிருந்து வந்தது?

பணம் வந்துவிட்டால் நேரமும் வந்துவிடும் என்று சொல்ல முடியாது. ஊரிலேயே தங்காமல் தசமபாகத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வேறெங்கோ சுகமாக இருந்த குருமார் 18ஆம் நூற்றாண்டில் நிறைய. அதைக் கட்டுப்படுத்த 1838இல் ஒரு சட்டம் வந்தது. அனுமதி இல்லாமல் வருஷத்தில் மூன்று மாதத்துக்கு மேல் சேகரத்தில் இல்லாமல் இருந்தால் வருமானத்தில் ஒரு பகுதி போய்விடும்.

மூன்று மாதம் என்பது கிட்டத்தட்ட 90 நாள். கவுண்டி ஆட்டம் ஒவ்வொன்றும் மூன்று நாள். ஒரு பருவத்தில் 16 ஆட்டம் ஆடினாலும் 48 நாள்தான், அதிலும் பாதி சொந்தக் கவுண்டியில். கண்டிப்பான அந்தச் சட்டத்துக்குள்ளேயே ஒரு முழுக் கிரிக்கெட் பருவம் அடங்கிவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமைச் சிக்கலும் இல்லை. அன்று கவுண்டி ஆட்டம் கிடையவே கிடையாது. திங்கள் தொடங்கி புதன், வியாழன் தொடங்கி சனி என்பதுதான் வழக்கமான கணக்கு. இங்கிலாந்தின் கிரிக்கெட் காலண்டர் ஆலயக் காலண்டரை இடிக்காமல் அமைந்திருந்தது.

ஆனால் வாரநாளிலும் சாவு வரும், நோயாளி கூப்பிடுவார். அதற்குத்தான் கியூரேட். சேகரத்தின் தலைமைக் குருவானவருக்கு உதவியாகச் சம்பளத்துக்கு வைக்கப்படும் இளைய குரு அவர். வசதியான சேகரங்களில் ஒரு கியூரேட் இருப்பார். தலைமைக் குருவானவர் வெளியே போனால் வேலை நிற்காது. அந்தக் காலத்தின் மிகப் பெரிய கிரிக்கெட் ஆட்டக்காரர் டபிள்யூ. ஜி. கிரேஸ் டாக்டராகவும் இருந்தார் அல்லவா? கோடையில் அவர் மைதானத்தில் நிற்கும்போது நோயாளிகளைக் கவனிக்க மாற்று டாக்டர் ஒருவரை வைத்துக்கொள்வார். அதுவும் இதே ஏற்பாடுதான்.

அப்புறம் ரயில். மார்ட்டாக் ஒரு சின்ன ஊர். ஆனால் 1853இல் டான்டன் பக்கமிருந்து யோவில் நகருக்குப் போட்ட பாதையில் அதற்கு ஒரு ஸ்டேஷன் கிடைத்தது. கவுண்டி மைதானம் டான்டனில். காலையில் போய் ஆடிவிட்டு இரவு வீடு திரும்பக்கூடிய தூரம். கிரிக்கெட் ஆடிய குருவானவர்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் ரயிலைச் சொல்லாமல் விடுவது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது. குதிரைவண்டிக் காலத்தில் உள்ளூர்ப் புல்வெளியில் ஆடுவதோடு நின்றிருக்கக்கூடியவர் கவுண்டி அணி வரை வர முடிந்தது ரயிலால்தான்.

## ஆட்டம் எங்கே கற்றார்கள்?

ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் குருமாரை உற்பத்தி செய்த இடங்கள். பட்டம் பெற்றுவந்த இளைஞர்களில் பெரும்பங்கினர் திருச்சபைக்குப் போனார்கள். கல்லூரியிலேயே தங்கிச் சம்பளம் பெறும் ஃபெலோ பதவி கிடைத்தவர், பொதுவாகக் கல்யாணம் செய்துகொண்டால் அதை இழப்பார். இந்த விதி தளர்ந்தது 1870களின் கடைசியில், 1880களின் தொடக்கத்தில்தான். அதனால் அவர் என்ன செய்வார்? கல்லூரியின் நியமன உரிமையில் இருக்கும் ஏதாவது ஒரு சேகரம் காலியாகும்வரை காத்திருப்பார். காலியானதும் ஃபெலோ பதவியை விட்டுவிட்டு, கல்யாணம் செய்துகொண்டு, அந்தக் கிராமத்துக்குக் குருவானவராகப் போவார். பள்ளியிலும் கல்லூரியிலும் பத்து வருஷம் நல்ல பிட்சில், நல்ல பயிற்சியில் ஆடிய ஒருவர் இப்படி ஒரு கிராமத்தில் வந்து இறங்குகிறார். அவர் மட்டையை வீட்டு மூலையில் வைத்துவிடுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் இடையிலான முதல் கிரிக்கெட் ஆட்டம் 1827இல் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் நடந்தது. அதை முன்னின்று நடத்திய ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் சார்ல்ஸ் வேர்ட்ஸ்வொர்த், கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தின் தம்பி மகன், பின்னாளில் ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராயரானார். 1878ஆம் ஆண்டு ஆட்டத்தில் ஆக்ஸ்ஃபோர்டு அணியில் நம் விக்கம். கேம்பிரிட்ஜ் தலைவர் எட்வர்ட் லிட்டில்டன். அந்தப் பருவத்தில் இங்கிலாந்துக்கு வந்த ஆஸ்திரேலிய அணிக்கு எதிராகச் சதமடித்த ஒரே ஆள் லிட்டில்டன். அவரும் பிறகு குருப்பட்டம் பெற்றார், ஈட்டன் பள்ளியின் தலைமை ஆசிரியரும் ஆனார். எதிரெதிர் அணியில் நின்ற இருவரும் கடைசியில் ஒரே தொழிலுக்குத்தான் போனார்கள்.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால் ஆள் கிட்டத்தட்ட உருவாகிவிட்டார். பல்கலைக்கழகம் ஆட்டத்தைக் கொடுத்தது, சேகரம் வருமானத்தைக் கொடுத்தது, கியூரேட்டும் ரயிலும் நேரத்தைக் கொடுத்தன. இன்னும் ஒன்று பாக்கி: கவுண்டி அணிகள் ஏன் இவர்களை விரும்பி அழைத்தன?

## அமெச்சூர் என்றால் என்ன?

அந்தக் கால இங்கிலாந்து கிரிக்கெட்டில் இரண்டு ஜாதி. ஆடுவதற்குக் கூலி வாங்குகிறவர் தொழில்முறை ஆட்டக்காரர். கூலி வாங்காமல் ஆடுகிறவர் அமெச்சூர். இருவரும் ஒரே அணியில்தான் ஆடுவார்கள். ஆனால் உடை மாற்றும் அறை வேறு, பல மைதானங்களில் உள்ளே வரும் வாசலும் வேறு. ஸ்கோர்கார்டில் அமெச்சூருக்கு மரியாதை அடைமொழியும் முதலெழுத்துகளும் உண்டு, தொழில்முறை ஆட்டக்காரருக்கு வெறும் குடும்பப் பெயர். 1890களில் பெரிய கவுண்டிகளில் தொழில்முறை ஆட்டக்காரருக்கு ஓர் ஆட்டத்துக்குச் சுமார் 5 பவுண்டு, வெளியூர் என்றால் 6 பவுண்டு. பயணச் செலவும் தங்கும் செலவும் அதிலிருந்தே.

சாமர்செட் பணவசதி குறைந்த கவுண்டி. 1891இல்தான் கவுண்டி சாம்பியன்ஷிப்பில் சேர்ந்தது. பதினோரு தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குக் கூலி கொடுக்க அதனால் ஆகாது. எனவே பல்கலைக்கழகத்தில் ஆடிய அமெச்சூர்களைத் தேடியது. பக்கத்திலேயே மார்ட்டாக்கில் 1888 முதல் குருவானவராக இருந்தவர் ஆக்ஸ்ஃபோர்டின் பழைய விக்கெட் கீப்பர். அவர் நார்ஃபோக் கவுண்டிக்கும் ஏற்கெனவே ஆடியவர். 1891இல் தொடங்கி 1907 வரை சாமர்செட் ஸ்கோர்கார்டுகளில் அவர் பெயர் வந்துகொண்டே இருந்தது.

இதில் ஒரு சங்கடமும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. அமெச்சூர் என்ற பெயருக்கு அடியில் எல்லாரும் ஒரே மாதிரி இல்லை. கிரேஸும் அமெச்சூர்தான். ஆனால் 1891-92 ஆஸ்திரேலியப் பயணத்துக்கு அவர் வாங்கியது 3000 பவுண்டு. எந்தத் தொழில்முறை ஆட்டக்காரரும் அந்தத் தொகையைக் கனவிலும் கண்டதில்லை. 1895இல் மக்கள் திரட்டிக் கொடுத்த நிதி 9000 பவுண்டுக்கு மேல். அவரோடு ஒப்பிட்டால் சேகர வருமானத்தில் வாழ்ந்துகொண்டு கவுண்டிக்கு இலவசமாக ஆடிய குருவானவர்தான் உண்மையான அமெச்சூர். அதே நேரம், அந்தச் சேகர வருமானம் நிலத்தில் பாடுபட்டவன் விளைச்சலிலிருந்து வந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கூலி வாங்காமல் ஆடுவது பெருமை என்று சொல்ல முடிந்தவர்களுக்கு, வேறு யாரோ ஏற்கெனவே படி அளந்திருந்தார்கள்.

## மைதானத்தில் விக்கம்

கால்களை நன்றாக அகட்டி, கையுறை மாட்டிய கைகளை முழங்காலில் ஊன்றி நிற்பது அவர் பாணி. தலையில் ஆக்ஸ்ஃபோர்டின் ஹார்லிக்வின்ஸ் கிளப் தொப்பி. 1932-33 பாடிலைன் தொடரில் இங்கிலாந்து அணித் தலைவர் டக்ளஸ் ஜார்டின் போட்டிருந்த, பல நிறக் கட்டங்கள் கொண்ட தொப்பியைப் படத்தில் பார்த்திருப்பீர்களே, அதேதான். பேட்டிங் பெரிதாகச் சொல்வதற்கில்லை. கடைசியில் வந்து கடைசியில் போகிறவர்.

1895 மே மாதம் பிரிஸ்டலில் சாமர்செட் அணிக்கு எதிராக கிரேஸ் தன் நூறாவது சதத்தை அடித்தார். அங்கேயே நிற்காமல் 288 வரை போனார். உலகில் அதற்கு முன் யாரும் நூறு சதம் அடித்ததில்லை. அந்த இன்னிங்ஸை மிக அருகிலிருந்து பார்த்தவர் விக்கெட் கீப்பர் விக்கம். கிரேஸ் மட்டையைத் தாண்டித் தன்னிடம் வந்த பந்துகள் மொத்தம் நான்குதான் என்று அவர் சொன்னது கிரிக்கெட் வரலாற்றில் நிலைத்துவிட்டது. ஸ்டம்புக்கு முன்னால் ஒரு டாக்டர், பின்னால் ஒரு குருவானவர். இருவருடைய ஊர் வேலையையும் அன்று வேறு யாரோ பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

விக்கமுக்கு இன்னொரு ஈடுபாடும் உண்டு: வண்ணத்துப்பூச்சிகளும் அந்துப்பூச்சிகளும். அவர் சேகரித்து வைத்திருந்த தொகுப்பு அந்தத் துறையில் பேர்பெற்றது. இது தற்செயல் இல்லை. பறவை, செடி, புதைபடிவம், பழைய கல்வெட்டு என்று இங்கிலாந்தின் கிராமக் குருமார் ஈடுபட்ட துறைகளுக்குக் கணக்கில்லை. படிப்பும் நிலையான வருமானமும் நாட்டுப்புற வாசமும் ஒரே ஆளுக்கு அமைந்தால் இப்படித்தான் ஆகும். கிரிக்கெட் அந்தப் பட்டியலில் ஒன்று.

## திருச்சபை இதை எப்படிப் பார்த்தது?

விக்டோரியாவுக்கு முந்தைய காலத்தில் லார்ட் ஃபிரெட்ரிக் போகிளார்க் என்று ஒருவர் இருந்தார். இரண்டாம் சார்ல்ஸ் மன்னர் வம்சம், செயின்ட் ஆல்பன்ஸ் ஊரில் குருவானவர், நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர். பந்தயம் கட்டி ஆடி வருஷத்துக்கு 600 கினி (ஒரு கினி ஒரு பவுண்டைவிடச் சற்றுக் கூடுதல்) சம்பாதிப்பதாக அவரே சொல்லிக்கொள்வார். ‘கிரிக்கெட் பாதிரியார்’ என்றால் சூதாடி என்ற எண்ணத்துக்கு இவரும் ஒரு காரணம். விக்கம் காலத்து ஆட்களை இவரோடு ஒரே கூடையில் போடுவது தவறு. நடுவில் திருச்சபை மாறியிருந்தது, கிரிக்கெட்டிலிருந்து பெரும் பந்தயமும் ஒதுங்கியிருந்தது.

மாற்றத்துக்குத் துணை நின்ற சிந்தனை ஒன்று உண்டு. 1857 வாக்கில் அதற்கு ‘மஸ்குலர் கிறிஸ்டியானிட்டி’ என்ற பெயர் வந்தது: உடம்பை ஒறுப்பது பக்தியல்ல, வலுவான உடம்பைப் பிறருக்கு உழைக்கப் பயன்படுத்துவதே பக்தி என்ற எண்ணம். எழுத்தாளரும் குருவானவருமான சார்ல்ஸ் கிங்ஸ்லி பெயரோடு இது ஒட்டிக்கொண்டது, அவருக்கு அந்தப் பெயர் பிடிக்காது என்றாலும். பள்ளிகள் இதைப் பிடித்துக்கொண்டன. தொழிற்சாலை நகரங்களில் ஆலயங்களும் சிற்றாலயங்களும் இளைஞர்களுக்குக் கிரிக்கெட் கிளப் நடத்தின. அப்படி ஒரு மெதடிஸ்ட் சிற்றாலயத்தின் கிரிக்கெட் பையன்கள் பனிக்காலத்தில் ஆட 1878இல் ஆரம்பித்த கால்பந்து அணிதான் லிவர்பூல் நகரத்தின் இன்றைய எவர்டன் கிளப்.

ஆனால் இந்தச் சிந்தனைதான் குருமாரை ஆட்டக்காரர் ஆக்கியது என்று எழுதுகிறவர்களோடு நான் உடன்படவில்லை. வேர்ட்ஸ்வொர்த் அதற்கு முப்பது வருஷம் முன்பே ஆடிவிட்டார். ஆள் முதலில் வந்தார், நியாயம் பிறகு வந்தது. நியாயம் வந்தபின் கூச்சம் குறைந்தது என்பது உண்மை. அப்படியும் முகம் சுளித்த பேராயர்களும் ஊர்க்காரர்களும் இருந்தார்கள். அவர்கள் கண்ணில் படாமலிருக்க மாற்றுப் பெயரில் ஆடிய குருமாரும் உண்டு.

## மிஷனரி வேறு, சேகரக் குருவானவர் வேறு

குழப்பம் அதிகம் வருவது இங்கேதான். சி. டி. ஸ்டட் பெயரைப் பலர் கேள்விப்பட்டிருக்கலாம். 1882இல் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்து ஆஸ்திரேலியாவிடம் 7 ரன்னில் தோற்று, இரு நாட்டு டெஸ்ட் தொடருக்கு ‘ஆஷஸ்’ என்ற பேச்சே பிறந்த ஆட்டத்தில், ஒரு பந்தைக்கூடச் சந்திக்க வாய்ப்பின்றி மறுமுனையில் ஆட்டமிழக்காமல் நின்றவர் அவர். 1885இல் கிரிக்கெட்டை விட்டுவிட்டுச் சீனாவுக்கு மிஷனரியாகப் போனார். அப்பா வைத்துவிட்டுப் போன சொத்தையும் கொடுத்துவிட்டார். 1900 முதல் 1906 வரை நம் ஊட்டியில் யூனியன் சர்ச்சில் போதகராக இருந்தார். பிறகு காங்கோ போய் அங்கேயே 1931இல் இறந்தார். ஸ்டட்டின் கதை துறவின் கதை: நம்பிக்கைக்காக ஆட்டத்தையும் பணத்தையும் கைவிட்டவர். விக்கமின் கதையோ இரண்டையும் ஒரே வாழ்க்கையில் வைத்துக்கொண்ட கதை. ஸ்டட்டை வைத்து விக்கமைப் புரிந்துகொள்ள முடியாது.

மூன்றாவது வகை ஒன்று: பள்ளி ஆசிரியரான குரு. வெர்னன் ராயில் லங்காஷயர் ஆட்டக்காரர், கவர் பாயிண்ட் என்ற ஃபீல்டிங் இடத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று பேர். அவர் பக்கம் பந்தைத் தள்ளிவிட்டு ஓடக் கூப்பிட்ட கூட்டாளியை, அங்கே போலீஸ்காரர் நிற்கிறார் என்று சொல்லி யார்க்ஷயரின் டாம் எம்மெட் தடுத்ததாகக் கதை உண்டு. 1879 ஜனவரியில் மெல்போர்னில் ராயில் ஆடிய ஒரே டெஸ்டில், டெஸ்ட் வரலாற்றின் முதல் ஹாட்ரிக்கை, அதாவது அடுத்தடுத்த மூன்று பந்தில் மூன்று விக்கெட்டை, ஆஸ்திரேலியப் பந்துவீச்சாளர் ஸ்போஃபோர்த் எடுத்தார். அதில் விழுந்த முதல் ஆள் ராயில், மூன்றாவது ஆள் அதே எம்மெட். அந்தப் பயணத்துக்குப் பிறகே ராயில் குருப்பட்டம் பெற்றார். வாழ்நாளின் பெரும்பகுதி பள்ளி ஆசிரியர் பணியில் போனது.

இந்த வரிசை முக்கியம். விக்டோரியா காலத்தில் டெஸ்ட் ஆடிய குருவானவர் என்று யாரையாவது காட்டினால், அவர் ஆடியபோது குருவாக இருந்தாரா, பிறகு ஆனாரா என்று கேளுங்கள். குருப்பட்டம் பெற்ற பின் டெஸ்ட் ஆடியவர் அந்த நூற்றாண்டில் ஒருவரும் இல்லை. கவுண்டி ஆட்டம் 90 நாள் கணக்குக்குள் அடங்கும். கப்பலில் ஆஸ்திரேலியா போய் ஆடிவிட்டு வர அரை வருஷம் ஆகும், அது அடங்காது.

## எப்படி மறைந்தார்கள்?

ஏழாண்டுச் சராசரி விலையை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? 1870களுக்குப் பிறகு அமெரிக்காவின் பரந்த சமவெளிகளிலிருந்து ரயிலும் நீராவிக் கப்பலும் மலிவான கோதுமையை இங்கிலாந்தில் கொண்டுவந்து கொட்டின. உள்ளூர் விலை சரிந்தது. தசமபாகத் தொகை அதன் பின்னாலேயே மெல்ல இறங்கியது. 1836 கணக்கில் 100 பவுண்டு என்று குறித்த தொகை 1875இல் 112 பவுண்டுக்கு மேல் இருந்தது. 1901இல் 67 பவுண்டுக்கும் கீழே வந்துவிட்டது. ஆலய நிலத்தின் குத்தகையும் இதோடு சேர்ந்து விழுந்தது.

100 பவுண்டு 67 ஆனால் முதலில் போவது கியூரேட்டின் சம்பளம். கியூரேட் இல்லையென்றால் வாரநாள் வேலை எல்லாம் குருவானவர் தலையில். கவுண்டி அணிகளோ ஆட்டங்களைக் கூட்டிக்கொண்டே போயின. மாணவர்களுக்கும் வேறு வழிகள் திறந்தன: வழக்கறிஞர் தொழில், அரசுப் பணி, இந்திய சிவில் சர்வீஸ். 1871இல் பல்கலைக்கழகத்தின் மதக் கட்டுப்பாடுகள் நீங்கின. ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போய்விட்டுக் குருவானவராக வருவது அதன்பின் பல வழிகளில் ஒன்றாகிவிட்டது. குருமாரிடையே பக்தி குறைந்தது, அதனால் ஆட்டக்காரர்கள் குறைந்தார்கள் என்றோ, பக்தி கூடியது, அதனால் குறைந்தார்கள் என்றோ இரண்டு விதமாகவும் சொல்கிறார்கள். கோதுமை விலையைப் பார்க்காமல் இரண்டையும் சொல்லக் கூடாது.

விக்கம் 1907இல் கவுண்டி ஆட்டத்தை நிறுத்தியபோது ஐம்பதைத் தாண்டியிருந்தார். 1911இல் மார்ட்டாக்கை விட்டு அதே சாமர்செட்டில் ஈஸ்ட் பிரென்ட் சேகரத்துக்குப் போனார். 1935இல் இறக்கும்வரை அங்கேயே. மறு வருஷமே தசமபாகத்தை ஒழிக்கும் சட்டம் வந்தது.

அதன் பிறகும் அங்கொருவர் இங்கொருவர் இருந்தார்கள். எசெக்ஸ் அணிக்கு ஆடிய ஃபிராங்க் கில்லிங்கம் ஒரு குருவானவர். 1927இல் பிபிசி வானொலியில் முதல் நேரடி கிரிக்கெட் வர்ணனையைச் சொன்னது அவர்தான். குருப்பட்டம் பெற்றபின் டெஸ்ட் ஆடியவர் என்றால் டேவிட் ஷெப்பர்ட். 1956இல் ஓல்ட் டிராஃபோர்டில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 113, மறுபடி 1962-63 பயணத்தில் மெல்போர்னில் இன்னொரு 113. பின்னாளில் லிவர்பூல் பேராயரானார். அவர் ஆஸ்திரேலியாவில் ஆடிக்கொண்டிருந்த அந்த மாதங்களில்தான், இங்கிலாந்தில் கிரிக்கெட் நிர்வாகிகள் கூடி அமெச்சூர், தொழில்முறை என்ற பிரிவை எடுத்துவிட முடிவு செய்தார்கள். 1963 பருவத்திலிருந்து எல்லாரும் வெறும் கிரிக்கெட் ஆட்டக்காரர்கள்.